நிதானத்தின் மூலை அலமாரி

பேருந்துப் பணிமனையில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. ‘நிதானம்’ என்று கேட்டால் வாயிற்காவலர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். கிண்டலாக வைத்த பெயர்தான் அது. ஓட்டுநராகச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நடக்கவிட்டே திருப்புவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோவார்கள். அவசரக்காரப் பயணிகள் அவள் முதுகுக்குக் கேட்கும்படியாகப் பெருமூச்சு விடுவார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். வருஷங்கள் ஓடின. மற்ற வண்டிகளில் கீறலும் நெளிசலும் ஏற ஏற, அவள் வண்டி மட்டும் வந்த மேனி கலையாமல் நின்றது. கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் மரியாதையோடு தங்கிவிட்டது.

முதலில் அவள் ஓட்டுநர் வேலைக்கு வரவில்லை. பணிமனை வாசலில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் இல்லாத நேரங்களில், நீள நீளமான பஸ்கள் பின்னோக்கி நகர்ந்து தத்தம் இடத்தில் நுழைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள், தானும் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்டாள். பயிற்சி கொடுப்பவர் சரியென்று சொன்னார். சீக்கிரமே அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்ற நினைப்பு அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. இரண்டு பஸ்களுக்கு நடுவே கண்ணாடி உரசாமல் அவள் முதன்முதலாக வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கல்யாணம் ஆன புதிதில் வீட்டில் அவள்தான் சமைத்தாள். அதைச் சமையல் என்று சொல்ல அவளுக்கே மனசு வராது. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எந்தத் தப்பையும் ஒரு பார்வையில் பிடித்துவிடுகிற கண். நாக்கும் அப்படித்தான். சில வாரம் பொறுமையாகச் சாப்பிட்டார். ஒருநாள் காலையில் அவள் எழுந்து வருவதற்குள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். “நீ வண்டியப் பாத்துக்க. இத நான் பாத்துக்கறேன்” என்றார். அன்றைக்கு ஏற்பட்ட ஒப்பந்தம் இன்றைக்கு வரை மாறவில்லை. சமைப்பது அவர், பாத்திரம் கழுவுவது அவள். மகளும் அப்பா கைச் சமையலில்தான் வளர்ந்தாள். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிற அவள், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அப்பாவுக்குத்தான் போன் செய்வாள். அம்மாவிடம் “சாப்பிட்டியா?” என்பதோடு சரி.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. சமையலறை சின்னது என்றாலும் காரியத்துக்கு ஆகும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் காயும் துணி தெரியும். சமையல் மேடை ‘ட’ போல மடங்கி ஓடும். அந்த மடிப்புக்குக் கீழே ஒரு மூலை அலமாரி. அதற்குக் கதவு என்னவோ ஒடுக்கம். உள்ளே எட்டிப் பார்த்தால் மேடைக்கு அடியில் இடப்பக்கமாக இருட்டு நீண்டுகொண்டே போகும். இதைக் கட்டினவன் ஒருநாளும் சமைத்திருக்க மாட்டான் என்பது அவர் அபிப்பிராயம். வீட்டில் அதற்குக் ‘குகை’ என்று பெயர். ஆழத்திலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் மண்டிபோட்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அவர் மூச்சை ஒரு தரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முத்துக் குளிக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போவார். வேண்டிய பாத்திரத்தோடும் தலையில் ஒட்டடையோடும் வெளியே வருவார்.

அப்புறம் அவருடைய முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கடைசியில் ஆபரேஷன் செய்து மூட்டை மாற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், படி ஏறலாம், நாற்காலியில் உட்காரலாம். மண்டிபோடவும் குந்தி உட்காரவும் மட்டும் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். சமையலறையைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி அடுப்புப் பக்கம் போனார். உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சமைத்தார். நிதானத்துக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒரு மாதத்துக்கும் மேலான பிறகுதான் அவளுக்கு ஏதோ ஒன்று உறைத்தது. தினமும் அவள் கழுவப் போடுவது ஒரே வாணலி, ஒரே சின்னப் பாத்திரம். தட்டில் விழுவது முட்டை, வதக்கின காய். மறுநாள் வதக்கின காய், முட்டை. அடி கனத்த பெரிய பானையில் அரைநாள் கொதித்துக் கொதித்து வீடெல்லாம் மணக்கிற சூப்பைக் காணவில்லை. ரொட்டி சுடுகிற தகரத்தையும் காணவில்லை. ஆபரேஷன் உடம்பு, அலுப்பாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கையில் வந்து விழுகிற சாப்பாட்டைக் குறை சொல்ல அவள் யார்?

ஒருநாள் ஷிப்ட் மாறி, மத்தியானமே வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அவர் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பக் கட்டை. அதன் நுனியில் வளைத்துக் கட்டின கம்பி. குகைக்குள் விட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கம்பி எதிலோ மாட்டியது. அவர் மூச்சுக்கூட விடாமல் இழுத்தார். பெரிய பானையின் பக்கம் இருட்டிலிருந்து மெல்ல வெளியே தெரிந்தது. நிதானமும் மூச்சை அடக்கிக்கொண்டாள். பாதி வந்த பானை கம்பியிலிருந்து நழுவியது. கடகடவென்று உருண்டு மறுபடி ஆழத்துக்கே போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டையாலேயே அதைத் தள்ளிச் சாத்தினார்.

அவள் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். வாசல் கதவைத் திறந்து, அப்போதுதான் வருகிறவள்போல ஓசையோடு சாத்தினாள். சமையலறைக்குள் மறுபடி வந்தபோது துடைப்பக் கட்டை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தது. “இன்னிக்கு சீக்கிரமா?” என்று கேட்டார் அவர். ஆமாம் என்றாள்.

மறுநாளே ஒரு தச்சரை வரவழைத்தாள். அவர் மேடைக் கல்லை விரலால் தட்டிப் பார்த்தார், குகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கல்லைப் பெயர்த்துவிட்டு, கீழ் வரிசை முழுவதையும் எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருவதாகச் சொல்லிப் போனவர், அந்த ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. கணவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். விட்டுவிடு, வேண்டியதை முன்னாலேயே வைத்துக்கொண்டால் போயிற்று என்றார்.

அன்று சாப்பிடும்போது, அந்த அலமாரியை நானே சரிசெய்யப் போகிறேன் என்றாள் நிதானம். அவர் கை அப்படியே நின்றது.

“நீயா?”

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நியாயமான வரலாறு இருந்தது. அவள் இதுவரை சுவரில் அடித்த ஒரே ஆணி குளியலறைக் கண்ணாடிக்காக. கண்ணாடி ஒரு வாரம்கூடத் தங்காமல், காரையையும் பெயர்த்துக்கொண்டு கீழே இறங்கியது. ரம்பம் பிடித்ததில்லை. டிரில்லிங் மெஷினைக் கடையில் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள். ஒரு தரம் வண்டியைத் திருப்ப ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்துகிற ஆள் இல்லை அவள் என்பது அவருக்கும் தெரியும்.

விடுமுறை நாளில் குகையைக் காலி செய்தாள். தரையில் குப்புறப் படுத்து, கைக்கு எட்டினதையெல்லாம் இழுத்து வெளியே போட்டாள். பெரிய பானை வந்தது. ரொட்டித் தகரம் வந்தது. பாத்திரமே இல்லாத மூடிகள் சில வந்தன. கடைசியாக ஒரு பிளாஸ்க் வந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன், அதாவது நிதானத்தின் தம்பி, வந்துவிட்டுப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய்விட்டான் என்று கணவர் வெகுகாலமாக மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். பிளாஸ்க்கை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலம் மச்சினனுக்குத் தானாகவே போன் செய்து, வழக்கத்தில் இல்லாத பிரியத்தோடு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மச்சினன் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டு, அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டான்.

நிதானத்தின் முதல் யோசனை வட்டத் தட்டு. நடுவில் ஒரு சுழலும் பாகம், மேலே வட்டப் பலகை. கையால் சுற்றினால் பின்னால் இருப்பது முன்னால் வரும். அலமாரியின் உள்ளளவை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிற ஒரு அம்மாள்தான் அந்தக் கடைக்குச் சொந்தக்காரர். கேட்ட அளவில் பிளைவுட்டை வட்டமாக அறுத்துக் கொடுத்தார். நிதானம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பயணியாக நின்று வந்தாள்.

பலகை கதவுக்குள் போகவில்லை. உள்ளளவை எடுத்தவள் வாசலை அளக்க மறந்திருந்தாள். சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். செங்குத்தாக நிறுத்தித் தள்ளினால் உள்ளே போனது. ஆனால் போன பலகை படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, வெளியே வா என்றால் அதற்கும் மறுத்தது. மேல்பலகைக்கும் தரைக்கும் நடுவே முட்டிக்கொண்டு நின்றதை எடுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பக்கத்து அறையில் பிழை திருத்திக்கொண்டிருந்த கணவருக்கு அன்று விடாமல் இருமல் வந்தது. அது எந்த மாதிரி இருமல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வழி பிறந்தது பணிமனையில். மறுநாள் காலையில் தன் முறைக்காக அவள் வண்டியில் காத்திருந்தாள். நிறுத்தத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. அது நேரே வெளியே போன பிறகு, பக்கத்துச் சந்தில் நின்றிருந்த பஸ் பக்கவாட்டிலிருந்து அந்த இடத்துக்கு வந்தது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அதைப் பார்த்தவள் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய பலகையை எதற்கு அந்தச் சின்ன வாசலுக்குள் திணிக்க வேண்டும்? இரண்டு பெட்டிகள் போதுமே. முதல் பெட்டி கதவுக்கு நேராக இருந்து, இழுத்தால் டிராயர் மாதிரி வெளியே வரட்டும். அது போனதும், இருட்டுக்குள் நிற்கிற இரண்டாவது பெட்டி சக்கரத்தில் உருண்டு அந்தக் காலி இடத்துக்கு வரட்டும். பின்னால் இருந்து ஹாரன் கேட்டது. நிதானம் முதல் தடவையாகத் தன் முறையைத் தவறவிட்டிருந்தாள்.

இந்தத் தடவை அட்டையை வெட்டிப் பெட்டி செய்து பார்த்தாள். வாசலையும் அளந்தாள். பெட்டிகளை இரண்டு அடுக்காகச் செய்து, கனமானதை மேலடுக்கில் வைத்தால், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எட்டி எடுக்கலாம் என்றும் தோன்றியது. டிராயர் சறுக்கி வருகிற இரும்புச் சட்டத்தைக் கடையில் சேனல் என்றார்கள். ஒரு ஜோடி சேனல், சின்னச் சக்கரங்கள், பலகைகள், சக்கரம் விலகாமல் ஓடுவதற்குக் கரை கட்ட இரண்டு ஒல்லியான ரீப்பர் கட்டைகள் எல்லாம் வாங்கி வந்தாள். டிரில்லிங் மெஷினைக் கீழ்வீட்டுப் பல் டாக்டர் இரவல் கொடுத்தார். கொடுக்கும்போது, மெதுவாக அழுத்துங்கள், வலிக்காது என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்.

அன்று அவள் அழுத்தாத அழுத்தில்லை. மெஷின் உறுமியது, பலகையில் புகை கிளம்பியது, ஓட்டை மட்டும் விழவில்லை. முழங்காலைக் கொடுத்து அழுத்தினாள். நெற்றி வேர்வை மூக்கில் இறங்கியது. வாசலில் வந்து நின்ற கணவர் மெஷினைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதன்மேல் இருந்த பொடி எழுத்துகளையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். விசைக்கு மேலே ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அது பின்பக்கம் காட்டியது. அவ்வளவு நேரமும் மெஷின் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.

“இத்தன வருஷம் பஸ் ஓட்டற. ரிவர்ஸ்ல போட்டுட்டு முன்னாடி போகலன்னு நிக்கறியே” என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

அதற்காக வேலை ஓடிவிடவில்லை. முதல் சேனலைப் பக்கப் பலகையில் வைத்து முறுக்கினாள். ஸ்க்ரூக்கள் நீளம் என்பது அப்போது தெரியவில்லை. காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு, அவர் பக்கத்திலிருந்த கரண்டி டிராயரை இழுத்தால் அது வரவில்லை. ஸ்க்ரூவின் முனைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து டிராயரைக் குத்திப் பிடித்திருந்தன. அன்று முழுவதும் அவர் தேநீரைக் கத்தியின் பிடியால் கலக்கிக் குடித்தார். அவற்றைக் கழற்றி வேறு போட்டால், ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அப்படித்தான் உதிரும். தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் அடைத்துக் காயவிட்டு முறுக்கினால் நிற்கும் என்று கடைக்கார அம்மாள் சொல்லிக் கொடுத்தார். கேட்டால் சிரிப்பாக இருந்தது. செய்தால் நின்றது.

இதற்கிடையில் குகையின் குடும்பம் முழுவதும் கூடத்தில் குடியேறியிருந்தது. பெரிய பானை சோபாவில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. சமையலறை முழுக்கத் தூள் பறந்ததால் அடுப்பில் இன்னும் முட்டைதான். நாத்தனார் வந்தது அந்தச் சமயத்தில். கணவருக்கு அக்கா, தம்பியைச் சின்ன வயசில் இடுப்பில் சுமந்தவர், இன்னும் இறக்கிவைக்கவில்லை. பானையை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அறுத்த பலகைகளையும், தரையில் கிடந்த தூளையும், தம்பியின் முழங்காலையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஆள வெச்சு செஞ்சா முடிஞ்சு போற வேலை. பாவம், இவனே குனிய முடியாம கஷ்டப்படறான். இதுல எதுக்கும்மா வீம்பு?” என்றார்.

நிதானம், ஆகட்டும் அண்ணி, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது கணவர் தன் தாள்களை மூடி வைத்திருந்தார். முகம் சரியாக இல்லை.

“இதெல்லாம் பண்ணித் தரச் சொல்லி நான் உன்னக் கேட்டேனா?”

அவள் கையில் பசை காய்ந்திருந்தது. அதை உரித்துக்கொண்டு நின்றாள்.

“வர்றவங்க எல்லாம் மொதல்ல என் முட்டியப் பாக்கறாங்க, அப்புறம் அந்த அலமாரியப் பாக்கறாங்க. இவனால முடியலன்னு வீட்டு வாசல்ல போர்டு எழுதி மாட்டின மாதிரி இருக்கு.”

நிதானம் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சோபாவில் பானைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அன்னைக்கு நீங்க தொடப்பத்துல கம்பி கட்டி இந்தப் பானைய இழுத்தத நான் பாத்தேன் என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வாசக் கதவு ரெண்டு தரம் சாத்தின சத்தம் கேட்டப்பவே நெனச்சேன்” என்றார் கடைசியில்.

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ சொன்னியா?”

இரண்டு பேரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள்தான் பேசினாள். “உங்க முட்டிக்காக மட்டும் நான் இதப் பண்ணல. எனக்குப் பெரிய பான சூப் வேணும். முட்டையத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. கேட்டா நீங்க மண்டிபோட்டு எடுத்துடுவீங்களோன்னு பயந்துதான் வாய மூடிட்டு இருந்தேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இவ்வளவு நாள் முட்டை நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சாப்பிட்டாயே என்றார். நல்லாத்தான் இருந்தது, அதற்காகத் தினமுமா என்றாள் அவள்.

எழுந்து அடுத்த அறைக்குப் போனவர் பிழை திருத்துகிற சிவப்புப் பென்சிலோடு வந்தார். சுவரோரம் சாய்த்திருந்த அட்டைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஒரு பக்கத்தில் அழுத்தமாக ஒரு சுழி போட்டார். இந்த அளவு தப்பு என்றார். கதவு முழுசாகத் திறக்காது. திறந்து நிற்கிற கதவின் தடிப்பும் கீலும் வாசலில் இரண்டு விரல் இடத்தைத் தின்றுவிடும். நீ கதவே இல்லாத மாதிரி அளந்திருக்கிறாய். இப்படியே செய்தால் பெட்டி வெளியே வரும்போது கதவில் இடிக்கும்.

நிதானம் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். அவர் சொன்னது அட்சர சுத்தம்.

“எப்பலருந்து தெரியும் உங்களுக்கு?”

“முந்தாநாளே தெரியும். கோவத்துல சொல்லல.”

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. அவர் அளந்தார், மறுபடி அளந்தார், பலகையில் சிவப்புக் கோடு போட்டார். அவள் கோட்டின்மேல் ரம்பத்தை நடத்தினாள். கோணலாகப் போனால் அவர் தொண்டையைக் கனைப்பார். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அச்சுத் தாளில் போடுகிற அதே குறிகளைப் போட்டு வைத்தார்: இதை எடு, இதை இந்தப் பக்கம் திருப்பு, இது இப்படியே இருக்கட்டும். உப்புத்தாள் போட்டு விளிம்புகளை மழுங்கத் தேய்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, வானொலியை வைத்துக்கொண்டு, சாயங்காலமெல்லாம் தேய்த்தார். அவள் வேலை முடிந்து வரும்போது பலகைகள் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும். இரண்டு பேரும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அவள் விடியுமுன் போகிறவள். அவர் அவள் தூங்கின பிறகும் தாள்களோடு உட்கார்ந்திருப்பவர். சாப்பாட்டு மேஜையில் மட்டும் சந்தித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

முதல் பெட்டி சேனலில் ஏறிய அன்று, இழுத்தால் வந்தது, தள்ளினால் போனது. கதவில் இடிக்கவில்லை. இரண்டாவது பெட்டிதான் படுத்தியது. அதை இழுக்க ஒரு துணிப்பட்டையை மாட்டியிருந்தாள். பட்டையைப் பிடித்து இழுத்தால் பாதி வழி வந்து மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. அலமாரியின் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சக்கரம் கட்டையில் உரசியது. நிதானம் டார்ச்சோடு குகைக்குள் மல்லாந்து படுத்தாள். கால் இரண்டும் சமையலறையில், மற்றதெல்லாம் உள்ளே. தாழ்ந்த பக்கத்தில் அட்டைத் துண்டுகளை மடித்து வைத்துச் சமன் செய்தாள், கட்டையின் உள்பக்கத்தில் சோப்பைத் தேய்த்தாள். பிறகு ஊர்ந்து வெளியே வந்து, நீங்க இழுங்க என்றாள்.

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். முதல் பெட்டியை வெளியே இழுத்தார். கையை நீட்டிப் பட்டையைப் பிடித்தார். இருட்டுக்குள்ளிருந்து கடகடவென்று சின்னச் சத்தத்தோடு பெட்டி புறப்பட்டு வந்து, வாசலுக்கு நேராக நின்றது. உள்ளே தள்ளினார். மறுபடி இழுத்தார். அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். நிதானம் தலையில் ஒட்டடையோடு அவர் கையைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எதை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவளை அவர் கிட்டே விடவில்லை. பானை பின்பெட்டியின் மேலடுக்குக்குப் போனது, ரொட்டித் தகரம் முன்பெட்டிக்கு. பாத்திரம் இல்லாத மூடிகளை அவள் தூக்கிப் போடலாம் என்றாள். என்றைக்காவது பாத்திரம் கிடைக்கும் என்று அவற்றையும் அடுக்கிவிட்டார்.

அந்த வார விடுமுறையில் பெரிய பானை அடுப்பேறியது. எலும்பும் கிழங்கும் மிளகும் போட்டு அவர் அதைக் காலையிலிருந்து கொதிக்கவிட்டார். நாத்தனாரும், போன் வந்த பயம் இன்னும் முழுசாகத் தெளியாத மச்சினனும், இரவல் மெஷினைத் திருப்பி வாங்க வந்த பல் டாக்டரும் சாப்பிட்டார்கள். நிதானம் மூன்று கிண்ணம் குடித்தாள். நாத்தனார் அலமாரியை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். முன்பெட்டியின் கைப்பிடி ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, துணி வைக்கிற அலமாரிக்கும் இந்த மாதிரி சக்கரம் போட முடியுமா என்று நிதானத்திடம் தணிந்த குரலில் கேட்டார்.

அதற்கப்புறம் ரம்பம் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. பணிமனையின் ஓய்வறையில் சாப்பாட்டுப் பைகள் தரையில் கிடப்பதைப் பார்த்து அவள் சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்து மாட்டினாள். அது விழவில்லை. மற்ற ஓட்டுநர்கள் ஒரு வாரம் அதற்குக் கீழே உட்காரவில்லை, பிறகு உட்கார்ந்தார்கள். கைப்பிடியை நேராக்க வேண்டும் என்று அவள் அவ்வப்போது சொல்வாள். அவருக்கு அந்தக் கோணலே பிடிக்குக் கச்சிதமாக இருக்கிறதாம், தொடவிடவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்புகிறவளுக்குச் சீருடைக் கால்சட்டையின் பெல்ட் கிடைக்கவில்லை. கொடியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. கணவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தேநீருக்குச் சர்க்கரை எடுக்க மூலை அலமாரியைத் திறந்து முன்பெட்டியை வெளியே இழுத்தாள். பின்பெட்டியில் அவள் மாட்டியிருந்த துணிப்பட்டை இல்லை. தொய்ந்து அறுந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவளுடைய பெல்ட் இருந்தது. அளவாக வெட்டி, மடித்து, இரண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தது. சுற்றிலும் சிவப்புப் பென்சில் குறி. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் ஒருவராகவே உட்கார்ந்து செய்திருக்கிறார்.

பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பெட்டி தங்குதடையில்லாமல் வந்தது. சர்க்கரையை எடுத்துக்கொண்டு உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு கால்சட்டையை ஒரு ஊக்கால் இறுக்கிக் குத்திக்கொண்டு, தேநீரைக் குடித்துவிட்டு, மழையில் பணிமனைக்குக் கிளம்பினாள்.